கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு டாக்டர் செக்கப்?

(நவம்பர் 14, உலக நீரிழிவு நாளையொட்டி மருத்துவ அணி நடத்திய இலவசக் கண் பரிசோதனை முகாமில், அணியைச் சேர்ந்த கண் மருத்துவர் ஆற்றிய உரை. நேரில் வர முடியாத பலர் கேட்டுக்கொண்டதால் முழுமையாகப் பதிவிடுகிறோம்.)



மைக் கையில் கிடைத்தால் நம்ம ஆளுங்க விடமாட்டாங்கன்னு ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. பயப்படாதீங்க. முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு இப்பதான் கண்ணில் சொட்டு மருந்து போட்டிருக்கோம். அது வேலை செய்ய இருபது, முப்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் பேசி முடித்துவிடுவேன். அவங்களுக்கு என் முகம் கொஞ்சம் மங்கலாத்தான் தெரியும். அதனால பெரிய நஷ்டம் ஒண்ணும் இல்லை.

என் சித்தப்பாவிடம் இருந்து ஆரம்பிக்கிறேன். அவர் வேன் ஓட்டினார். எதிரே வரும் பஸ்ஸோட போர்டை யாருக்கும் முன்னாடி படிச்சுச் சொல்லிடுவார். பன்னிரண்டு வருஷமா சுகர். மாத்திரை போடுவார், மறந்தால் விட்டுவிடுவார். "கண்ணை ஒரு தடவை காட்டிட்டு வாங்களேன்"னு சித்தி சொல்லும்போதெல்லாம் ஒரே பதில்: "கண்ணு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?"

ஒரு நாள் காலையில் எழுந்தபோது வலது கண்ணில் கறுப்பு நூல் மாதிரி ஏதோ ஓடியிருக்கு. தூசின்னு நினைத்துத் தண்ணீர் விட்டுக் கழுவினார். மறுநாள் சிலந்தி வலை மாதிரி ஆச்சு. மூணாம் நாள் அந்தக் கண்ணுக்குள்ள திரை போட்டமாதிரி இருட்டு. நான் அப்போது மருத்துவக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். எனக்கும் ஒண்ணும் தெரியாது. கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, பின்னால் இருக்கும் விழித்திரையும் இழுபட்டிருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வலது கண்ணில் ஆள் நடமாட்டம் தெரியும் அளவுக்குத்தான் மிஞ்சியது. இடது கண்ணை லேசர் வைத்துக் காப்பாற்றினார்கள். வேன் சாவியை அதற்குப் பிறகு அவர் தொடவில்லை.

அவரைப் பார்த்த டாக்டர் சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கு. "இது மூணு நாள்ல வந்தது இல்லைப்பா. பல வருஷமா உள்ளே நடந்திருக்கு. இப்பதான் வெளியே தெரியுது." அந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்.

உள்ளே என்ன நடக்குதுன்னு பார்ப்போம். கண்ணின் பின்சுவரில் விழித்திரைன்னு ஒரு மெல்லிய படலம் இருக்கு. ரெட்டினான்னு சொல்றது அதைத்தான். பழைய கேமராவுக்கு பிலிம் மாதிரி. வெளிச்சம் உள்ளே வந்து விழுகிற இடம் அது. அதற்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய்கள் முடியைவிட மெல்லியவை. தோட்டத்தில் சொட்டுநீர்க் குழாய் போட்டவங்களுக்கு இது சட்டுனு புரியும். வருஷக்கணக்கா உப்புத்தண்ணி ஓடினால் குழாய் என்ன ஆகும்? ஒரு இடத்தில் பொத்துக்கிட்டு ஒழுகும். இன்னொரு இடத்தில் அடைத்துக்கொள்ளும். ரத்தத்தில் சர்க்கரை கூடுதலாகவே இருந்தால் இந்தக் குழாய்களும் அதே கதிதான். சுவர் பலவீனமாகி அங்கங்கே சின்னச் சின்னதா புடைக்கும், அதிலிருந்து நீரும் கொழுப்பும் ரத்தமும் கசியும். இந்தக் கட்டத்தில் வலி இல்லை, சிவப்பு இல்லை, உறுத்தல் இல்லை. பேப்பர் படிக்கலாம், வண்டி ஓட்டலாம், போனில் இந்தப் பதிவைக்கூடப் படிக்கலாம்.

கசிவு விழித்திரையின் நடுப்புள்ளியில் தேங்கினால்தான் முதல்முதலா தெரிய வரும். ஊசியில் நூல் கோர்க்க முடியாது, எழுத்து நெளியும், எதிரே வர்றவர் முகம் பிடிபடாது. இன்னொரு பக்கம், குழாய்கள் அடைபட்டு ரத்தம் கிடைக்காத விழித்திரை, புதுக் குழாய்களை வளர்க்கச் சொல்லும். வளர்வதெல்லாம் நோஞ்சான் குழாய்கள். லேசா அசைந்தாலே உடைந்து ரத்தம் கொட்டும். சித்தப்பா பார்த்த கறுப்பு நூல் அந்த ரத்தம்தான். பிறகு தழும்பு மாதிரி சுருங்கி விழித்திரையையே பிடித்து இழுக்கும்.

இது எத்தனை பேருக்கு வருது? 2023இல் வெளிவந்த ஐசிஎம்ஆர் ஆய்வின்படி இந்தியாவில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் ஏறத்தாழ 10 கோடி பேர். எல்லைக்கோட்டில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். சென்னையில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகள், சர்க்கரை உள்ள 100 பேரில் 18 பேருக்கு விழித்திரை பாதிப்பு இருப்பதைக் கண்டன. சர்க்கரை வந்து பதினைந்து, இருபது வருஷம் ஆனவங்களை மட்டும் எடுத்தால் கணக்கு இன்னும் ஏறும். இந்த மண்டபத்தில் சுகர் இருக்கிறவங்க 100 பேர்னு வைத்துக்கொண்டால், நாலைந்து பேர் கணக்கு இல்லை இது. ஒரு முழு வரிசை.

சரி, தடுக்க முடியுமான்னு கேட்டால், முடியும்னு காட்டிய நாடு இருக்கு. இங்கிலாந்தில் 2003இல் தொடங்கி, சர்க்கரை உள்ள 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோரையும் கூப்பிட்டு விழித்திரையைப் படம் எடுக்கிற திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். தபாலில் அழைப்பு வரும், போய்ப் படம் எடுத்துவிட்டு வரணும், அவ்வளவுதான். அதற்கு முன்பு ஐம்பது வருஷமா அங்கே உழைக்கும் வயதில் பார்வை இழப்பவர்களில் முதல் காரணம் சர்க்கரைதான். 2009-10 கணக்கை எடுத்துப் பார்த்தபோது அது முதலிடத்திலிருந்து இறங்கியிருந்தது. சர்க்கரை நோயாளிகள் குறைந்ததால் இல்லை, அவங்க எண்ணிக்கை ஏறிக்கொண்டுதான் இருந்தது. நேரத்தோடு கண்டுபிடித்ததும், சர்க்கரை சிகிச்சை மேம்பட்டதும்தான் காரணம்னு அந்தக் கணக்கை எடுத்தவர்கள் சொல்கிறார்கள்.

நம்ம ஊர்ல அந்த அழைப்புக் கடிதம் வராது. அதனால நாமே போகணும். எப்போன்னு கேளுங்க. பெரும்பாலானவர்களுக்கு வருகிற இரண்டாம் வகை சர்க்கரை என்றால், கண்டுபிடித்த உடனே ஒரு தடவை. "நேத்துதான் சுகர்னு சொன்னாங்க, அதுக்குள்ள கண்ணா?"ன்னு கேட்பீங்க. நேத்து சொன்னார்கள், ஆனால் சர்க்கரை எப்போது வந்ததுன்னு யாருக்கும் தெரியாது. சில வருஷம் சத்தமில்லாமல் இருந்திருக்கலாம். அதன்பிறகு வருஷத்துக்கு ஒரு தடவை. சின்ன வயசிலேயே இன்சுலின் போடுகிற முதல் வகைப் பிள்ளைகளுக்கு, நோய் தெரிந்து ஐந்து வருஷத்துக்குள் தொடங்கி வருஷாவருஷம். ஏற்கனவே சர்க்கரை இருக்கிற பெண் கர்ப்பமானால் முதல் மூன்று மாதத்திலேயே காட்டணும். கர்ப்ப காலத்தில் இந்தப் பாதிப்பு வேகமா முற்றும்.

இங்கேதான் நம்ம ஆட்கள் ஏமாறும் இடம். "போன மாசம்தான் கண்ணு டெஸ்ட் பண்ணேன் டாக்டர்"னு வருவாங்க. எங்கேன்னு கேட்டால் கண்ணாடிக் கடை. அங்கே பார்த்தது பவர். எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, லென்ஸ் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பது விழித்திரைப் பரிசோதனை ஆகாது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டு டாக்டர் உள்ளே பார்த்தாரா, அல்லது அதற்கான கேமராவில் விழித்திரையைப் படம் எடுத்தார்களா? இரண்டும் இல்லை என்றால் உங்கள் விழித்திரையை யாரும் பார்க்கவில்லை. அடுத்த தடவை போகும்போது "விழித்திரையைப் பார்த்தீங்களா?"ன்னு வாய்விட்டுக் கேளுங்க. கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் வேறு டாக்டரைப் பாருங்க.

கண்ணாடிக் கடை பேச்சு வந்ததால் இன்னொண்ணு. சர்க்கரை 300, 350ன்னு இருக்கும்போது புதுக் கண்ணாடி போடாதீங்க. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணுக்குள் இருக்கும் லென்ஸும் உப்பிச் சுருங்கும், பவர் மாறிக்கொண்டே இருக்கும். சில வாரம் சர்க்கரையை நிலைக்குக் கொண்டுவந்த பிறகு போடுங்க, காசு மிச்சம். கண்புரை ஆபரேஷனும் அப்படித்தான். சர்க்கரை உள்ளவங்களுக்குப் புரை சீக்கிரமே வரும். அந்த ஆபரேஷனுக்கு முன்னாடி விழித்திரையைப் பார்த்தாகணும். உள்ளே கசிவு இருப்பது தெரியாமல் புரையை மட்டும் எடுத்துவிட்டு, "ஆபரேஷன் பண்ணியும் தெரியலையே"ன்னு வருத்தப்படுகிறவர்களை வாரம் ஒருத்தராவது பார்க்கிறேன்.

தாய்மார்கள் கொஞ்சம் கவனிங்க. இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததே வீண்.

ஒரு பெரியவர் மூணு வருஷமா என்னிடம் கண்ணுக்கு வருகிறார். தேதி தவறமாட்டார். அவர் பையை, சீட்டை, தண்ணீர் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு நாள் அவர் சீட்டை ரொம்பக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்ப்பதைக் கவனித்தேன். "அம்மா, உங்களுக்கு சுகர் இருக்கா?" "இருக்கு சார், எட்டு வருஷமா." "கண்ணைக் காட்டினீங்களா?" சிரித்துவிட்டுச் சொன்னார்: "இவரைக் கூட்டிட்டு வரவே நேரம் சரியா இருக்கு, நான் எங்க சார்?" அன்றைக்கே சொட்டு மருந்து போட்டுப் பார்த்தேன். கணவருக்கு ஆரம்ப நிலை. அந்தம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் முற்றிய நிலை. மூணு வருஷம் என் அறை வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயரில் ஒரு சீட்டு போடணும்னு எனக்கும் தோணலை. அது என் தப்புன்னுதான் சொல்வேன். அதற்குப் பிறகு கூட வருகிறவங்க யாராக இருந்தாலும் முதல் கேள்வி அதுதான்.

அதனால துணைக்கு வந்திருக்கிற அம்மா, அக்கா, தங்கச்சிகள் யாருக்கெல்லாம் சுகர் இருக்கோ, வெளியே மேசையில் உங்கள் பெயரையும் எழுதிக் கொடுங்க. கையில் பையோடு உட்கார்ந்திருக்க வேண்டாம். பையை நம்ம தம்பிகள் பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்தது இன்சுலின் பயம். "இன்சுலின் போட ஆரம்பிச்சா கண்ணு போயிடும், எங்க மாமாவுக்கு அப்படித்தான் ஆச்சு"ன்னு சொல்லாத ஊரே இல்லை. மாமாவுக்கு ஆனது உண்மைதான். ஆனால் அவர் எப்போது இன்சுலின் போட ஆரம்பித்தார்? பதினைந்து வருஷம் மாத்திரையிலேயே இழுத்தடித்து, சர்க்கரை 400க்குப் போன பிறகு. அந்தப் பதினைந்து வருஷத்தில் விழித்திரை கெட்டுவிட்டது. பழி கடைசியில் வந்த ஊசி மேலே விழுந்தது. இதில் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒரு விஷயமும் இருக்கு. ரொம்ப நாள் ஏறிக்கிடந்த சர்க்கரையை வேகமா இறக்கும்போது, ஏற்கனவே இருக்கிற விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு முதல் சில மாதம் கூடலாம். அதற்காக இன்சுலினை நிறுத்தக் கூடாது. இன்சுலின் ஆரம்பிக்கும்போதே கண்ணைக் காட்டிவிட்டு, டாக்டர் சொல்கிற இடைவெளியில் திரும்பக் காட்டணும். நாள்பட்ட கணக்கில் லாபம் பெரியது. 1993இல் வெளிவந்த ஒரு அமெரிக்க, கனடா ஆய்வில், முதல் வகை சர்க்கரை உள்ளவர்களில் கண் பாதிப்பு இல்லாமல் ஆரம்பித்து சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு, பாதிப்பு வரும் வாய்ப்பு 76 சதவீதம் குறைந்தது. அவர்கள் கட்டுப்படுத்தியதும் இதே இன்சுலினால்தான்.

பிரஷரை நாம கண்ணோடு சேர்த்து நினைப்பதே இல்லை. குழாய் ஏற்கனவே நைந்திருக்கு. அதில் மோட்டார் அழுத்தத்தையும் கூட்டினால்? 1998இல் வெளிவந்த பிரிட்டன் ஆய்வில், சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் உள்ளவர்களில் அழுத்தத்தை இறுக்கிப் பிடித்தவர்களுக்குக் கண் பாதிப்பு முற்றுவது மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதனால சுகர் மாத்திரையை விழுங்கிவிட்டு பிரஷர் மாத்திரையை டப்பாவிலேயே வைக்காதீங்க. சிறுநீரகத்துக்கும் கண்ணுக்கும் ஒரே மாதிரிக் குழாய்கள்தான். கண்ணில் பாதிப்புன்னு டாக்டர் சொன்னால், கிரியாட்டினினும் சிறுநீரில் புரதமும் பார்த்துவிடுங்க. புகையிலை, பீடி, சிகரெட் பற்றி நான் தனியா சொல்லணுமா?

நம்ம சொந்தக் கதைக்கு வருவோம். தேர்தல் வேலைன்னு வந்துவிட்டால் நமக்கு ஒரு ஒழுங்கும் கிடையாது. காலையில் டிபன் இல்லை, பதினோரு மணிக்கு டீக்கடையில் ரெண்டு வடை, மதியம் மூணு மணிக்குப் பொட்டலம், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பிரியாணி. இடையில் போகிற வீட்டிலெல்லாம் டீ, எல்லாத்திலும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. மாத்திரை சட்டைப்பையில் வேர்வையில் கரைந்துகொண்டிருக்கும். ரெண்டு மாசம் இப்படி ஓடிவிட்டு வந்து மூணு மாதச் சராசரி பார்த்தால் 10, 11ன்னு நிற்குது. வேலை செய்யாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னாலும் கேட்கமாட்டீங்க. மாத்திரை நேரத்துக்கு ஒரு தம்பியைப் பொறுப்பா போடுங்க. பூத் வாரியாப் பட்டியல் போடத் தெரிந்த நமக்கு, யாருக்கு சுகர், யார் எப்போ கண்ணைக் காட்டினார்னு ஒரு பட்டியல் போடுவது கஷ்டமா?

பாதிப்பு இருக்குன்னு தெரிந்துவிட்டால் என்ன செய்வாங்கன்னு பலருக்குப் பயம். ஆரம்ப நிலை என்றால் பெரும்பாலும் கண்ணுக்குத் தனியா ஒண்ணும் செய்ய வேண்டியதில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பைப் பிடித்துக்கொண்டு, சொன்ன தேதிக்கு வரணும். நடுவில் வீக்கம் இருந்தால் கண்ணுக்குள் ஊசி போடுவோம். கேட்கவே நடுக்கம்தான். ஆனால் மரக்க வைத்துப் போடுவதால் வலி ரொம்பக் குறைவு, சில நொடியில் முடிந்துவிடும். ஒரு ஊசியோடு முடியாது. மாதாமாதம் சில தடவை தேவைப்படும். ஊசி மருந்துகளில் விலை வித்தியாசம் அதிகம். புற்றுநோய்க்காக வந்து கண்ணுக்குச் சிறு அளவில் பயன்படும் பெவாசிசுமாப் மற்றவற்றைவிட மலிவு. "என் கண்ணுக்கு எது சரி, என்ன செலவு?"ன்னு முன்னாடியே கேளுங்க. நோஞ்சான் குழாய்கள் வளர ஆரம்பித்திருந்தால் லேசர். லேசர் இருக்கிற பார்வையைக் காப்பாற்றும், போனதைத் திருப்பித் தராது. இதைப் புரிந்துகொள்ளாமல் "லேசர் வச்சும் ஒண்ணும் முன்னேற்றம் இல்லை"ன்னு பாதியில் நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். ரத்தம் கலையாமல் நின்றாலோ, விழித்திரை இழுபட்டாலோதான் ஆபரேஷன்.

பொன்னாங்கண்ணிக் கீரை கண்ணுக்கு நல்லதுதானேன்னு ஒரு அம்மா வரும்போதே கேட்டாங்க. கீரை நல்லது, வாரம் ரெண்டு நாள் தாராளமா சாப்பிடுங்க. கசிகிற குழாயைக் கீரை அடைக்காது. தேன், இலைச்சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணுக்குள் விடாதீங்க.

வீட்டில் செய்ய ஒண்ணு சொல்றேன். சுவரில் தினசரி காலண்டர் இருக்குமே, எப்போதும் போடும் கண்ணாடியோடு அதன் முன்னால் நின்று ஒரு கண்ணைக் கையால் மூடிப் பாருங்க. பிறகு மறு கண். கட்டங்களின் கோடு நெளியுதா, எழுத்து நடுவில் அழியுதா, ஒரு கண்ணுக்கும் மறு கண்ணுக்கும் வித்தியாசம் இருக்கா? ரெண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மறைத்துவிடும். மாசக்கணக்கா தெரியாமலே போகும். வித்தியாசம் இருந்தால் உடனே காட்டுங்க. ஒண்ணும் இல்லைன்னு தெரிந்தாலும் வருஷாந்திரப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீங்க. காலண்டர் தப்பிக்கவிட்டதை கேமரா பிடிக்கும். திடீரென கரும்புள்ளிகள் கொட்டினாலோ, புகை மூடினமாதிரி ஆனாலோ, ஓரத்திலிருந்து திரை இறங்கினாலோ, அன்றைக்கே கண் மருத்துவமனை. சித்தப்பா மாதிரி மூணு நாள் கழுவிக்கொண்டு இருக்காதீங்க.

எங்கே போவதுன்னு யோசிக்க வேண்டாம். மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு இருக்கு. சென்னைக்காரர்களுக்கு எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819லிருந்து இருக்கு. மதுரையில் 1976இல் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் போன்ற இடங்களில் இலவசப் பிரிவும் உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள், எந்தச் சிகிச்சைக்கு அது செல்லும்னு மருத்துவமனையின் காப்பீட்டுக் கவுண்டரில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்க.

ஆனால் கூலிக்குப் போகிற ஒருத்தருக்கு இது ஒரு நாள் சம்பளம், பஸ் காசு, துணைக்கு வருகிறவரின் இன்னொரு நாள் சம்பளம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கிடைக்குது. அதே கட்டடத்தில் ஒரு விழித்திரை கேமராவும் படம் எடுக்கப் பயிற்சி பெற்ற ஒருவரும் இருந்தால், மாத்திரை வாங்க வரும் நாளிலேயே படத்தையும் எடுத்துவிடலாம். படத்தை மாவட்டத் தலைநகரில் இருக்கும் டாக்டர் பார்த்துச் சொல்லலாம். கம்ப்யூட்டரே படத்தைப் பார்த்துச் சந்தேகக் கேஸைப் பிரித்துக் கொடுக்க முடியும்னு 2016இல் உலகத்துக்குக் காட்டிய கூகுள் ஆய்வில், நம்ம மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா நோயாளிகளின் படங்கள் இருந்தன. நம்ம மக்களின் கண்களை வைத்து உருவான தொழில்நுட்பம் நம்ம கிராமத்துக்கு வந்து சேரணும்னு கேட்பதில் என்ன தப்பு? எந்த ஆட்சியாக இருந்தாலும் இதைக் கேட்போம். கிராம சபைக் கூட்டத்தில் ரோடு, தண்ணி, லைட்டோடு இதையும் ஒரு தீர்மானமா எழுதிக் கொடுங்க.

சரி, முன்வரிசைக்கு நேரம் ஆச்சு. முதல் பத்துப் பேர் மெதுவா எழுந்து வாங்க, படி இருக்கு, தம்பிகள் கையைப் பிடித்துக்கொள்வார்கள். வெளியே போகும்போது வெயில் கூசும், கறுப்புக் கண்ணாடியோ குடையோ இல்லாதவங்க கொஞ்ச நேரம் நிழலில் உட்காருங்க. நாலைந்து மணி நேரத்துக்குக் கிட்டப்பார்வை மங்கலா இருக்கும், பயப்பட வேண்டாம், தானே சரியாயிடும். அதுவரைக்கும் யாரும் பைக் எடுக்கக் கூடாது. சாவியை இப்பவே பக்கத்தில் இருக்கிறவங்ககிட்ட கொடுத்துட்டு வாங்க.